பிள்ளையாரைத் தேடிய பெரியம்மாவும் அம்மாவின் முழங்காலும்

அசாகுசாவில் பெரிய சிவப்பு விளக்கு தொங்கும் கமினாரிமோன் வாசலைத் தாண்டியதும் பெரியம்மா நின்றுவிட்டார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். "பிள்ளையார் எங்கடி?" என்றார்.

கும்பகோணத்தில் பிறந்து எழுபது வருடம் அங்கேயே வாழ்ந்தவர். எந்தக் கோயிலானாலும் முதலில் பிள்ளையாருக்கு ஒரு குட்டு, ஒரு தோப்புக்கரணம், அப்புறம்தான் உள்ளே. வாசலின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் காற்றுக்கும் இடிக்கும் உரிய தேவர்கள். "இங்கே பிள்ளையார் கிடையாது பெரியம்மா" என்று சொல்லிவிட்டேன். தோக்கியோவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியும் நான் சொன்னது தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

அப்பா, அம்மா, பெரியம்மா மூவரும் அக்டோபர் நடுவில் வந்து ஏழு வாரம் எங்களோடு இருந்தார்கள். அப்பாவுக்கு 72 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். பெரியம்மாவுக்குக் கால் பிரச்சினை இல்லை. ஆனால் சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். இந்த மூன்று பேரையும் வைத்துக்கொண்டு ஜப்பானைச் சுற்றிக் காட்டியதில் நான் செய்த தவறுகளும் கற்றுக்கொண்டவையும் நிறைய. பெற்றோரை அழைத்துவரப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வருவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. விசாவுக்கான அழைப்புக் கடிதம், உத்தரவாதக் கடிதம், தங்கும் நாட்களின் அட்டவணை இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பலரும் கோட்டைவிடுவது மருந்தில். மருத்துவர் சீட்டில் வாங்கும் மாத்திரைகளை ஒரு மாத அளவுக்குத்தான் சாதாரணமாகக் கொண்டுவரலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் 'யுன்யூ காக்குனின்ஷோ' என்ற இறக்குமதி உறுதிச் சான்றை முன்கூட்டியே வாங்க வேண்டும். அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரையும் ஏழு வாரத்துக்கு வேண்டுமே என்று கணக்குப் போட்டபோதுதான் எனக்கே இது உறைத்தது. சில சளி மாத்திரைகளில் உள்ள சூடோஎபெட்ரின், கோடீன் போன்றவற்றுக்கு இங்கே கடுமையான கட்டுப்பாடு. ஊரிலிருந்து கிளம்பும்போது கைப்பையில் போட்டுக்கொள்ளும் "எதுக்கும் இருக்கட்டும்" மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்து எடுத்துவிடச் சொன்னேன். பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், வாழையிலை எதுவும் வேண்டாம். தாவரப் பரிசோதனையில் நிற்கும். பொடி வகைகள், புளிக்காய்ச்சல், வடகம் எல்லாம் சிக்கலின்றி வந்தன.

முதல் வாரம் எங்கேயும் அழைத்துப் போகாதீர்கள். நாங்கள் இருப்பது நிஷிகசாய். இந்தியர்கள் நிறைய இருக்கும் பகுதி; பொன்னி அரிசியும் துவரம்பருப்பும் நடந்துபோய் வாங்கலாம். அந்த வாரம் முழுவதும் அவர்களை அக்கம்பக்கத்தில் பழக விட்டேன். ரயில் கார்டை எப்படித் தேய்ப்பது, கதவு எந்தப் பக்கம் திறக்கும், நகரும் படியில் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பது (ஒசாகா போனால் இது வலப்பக்கம் ஆகிவிடும்) என்று ஒன்றொன்றாக. ஒரே கார்டில் இரண்டு பேர் நுழைய முடியாது, ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். அம்மா டிக்கெட் கதவு மூடிக்கொள்ளுமோ என்று பயந்து நின்றபோதெல்லாம் பின்னால் வரிசை சேர்ந்தது. ஊழியர் இருக்கும் சன்னலுக்குப் பக்கத்தில் அகலமான கதவு ஒன்று எல்லா நிலையத்திலும் இருக்கும். அதிலேயே போகப் பழக்கிய பிறகு அந்தப் பயம் போய்விட்டது.

எங்கள் தோசாய் ரயில் பாதை காலை நேரக் கூட்டத்துக்குப் பேர்போனது. காலை 10 மணிக்கு முன்னால் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை, மாலை 5 மணிக்குள் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். அப்படியும் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் நிஹோம்பாஷியில் நாங்கள் இறங்கிவிட, அப்பா இறங்குவதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா முகம், இந்தப் பக்கம் நாங்கள். நல்ல வேளையாக முதல் வாரத்திலேயே ஒரு விதி பேசியிருந்தோம்: பிரிந்துவிட்டால், ரயிலில் இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும், தேடிப்போவது நான். அடுத்த வண்டியில் போய்ப் பார்த்தபோது நடைமேடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் சட்டைப் பையில் எங்கள் வீட்டு முகவரியும் என் கைப்பேசி எண்ணும் ஜப்பானிய எழுத்தில் எழுதிய அட்டை இருந்தது. அது தேவைப்படவில்லை. ஆனால் அது பையில் இருந்ததால்தான் பதறாமல் நின்றேன் என்று அப்பா அப்புறம் சொன்னார். பாஸ்போர்ட்டும் எப்போதும் கையில் இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கு அது சட்டம்.

சாப்பாடு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தவறியது இதில்தான்.

இங்கே காய்கறி மட்டும் போட்ட சூப் என்று தருவதில்கூட அடியில் 'தாஷி' இருக்கும். கட்சுவோ என்ற மீனைக் காயவைத்துச் சீவி எடுக்கும் சாறு அது. மிசோ சூப், உதோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகளுக்குத் தரும் குழம்பு என எல்லாவற்றிலும் அதுதான் அடிப்படை. "இறைச்சி இல்லை, மீன் இல்லை" என்று கடைக்காரர் சொல்வது பொய் இல்லை; சாறு என்பது அவர்கள் கணக்கில் மீன் ஆகாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு மதியம் பசியில் அவசரப்பட்டு, ஒரு சின்னக் கடையில் "காய்கறி மட்டும்" என்று சொல்லி உதோன் வாங்கிவிட்டேன். கிண்ணம் மேசைக்கு வந்தது. மேலே மெல்லிய பழுப்புத் தாள் மாதிரி ஏதோ தூவியிருந்தார்கள். ஆவி பட்டு அது சுருண்டு, நெளிந்து, உயிருள்ளது போல ஆடியது. பெரியம்மா குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "என்னடி இது, அசையுது?" என்றார். அது மீன் சீவல். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து காலையில் மிஞ்சிய இட்லியை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டார். எழுபது வருட விரதத்தை என் அவசரத்தால் கெடுக்க இருந்தேன் என்பது அன்று இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை.

அன்றிலிருந்து "இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு எதுவும் கூடாது" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டையைக் காட்டாமல் எந்தக் கடையிலும் உட்காருவதில்லை. முடியாது என்றால் தெளிவாக முடியாது என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடுகிறார்கள்; அதுவே பெரிய உதவி. இனாரி சூஷி வெறும் சோறும் பொரித்த தோஃபூவும்தான் என்று பலர் சொல்வார்கள். அந்தத் தோஃபூவையும் பெரும்பாலும் தாஷியில்தான் வேகவைக்கிறார்கள். புத்தத் துறவிகளின் சமையலான ஷோஜின் ரியோரி சுத்த சைவம், ஆனால் முன்பதிவு வேண்டும், விலையும் அதிகம். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது புளியோதரை, தயிர்சாதம், ஒரு சின்ன ரைஸ் குக்கர். வெளியூர் போனால் ஹோட்டல் அறைக்குப் பதிலாக அடுப்படி உள்ள அறை எடுங்கள். நம் ஊர்த் தயிர் ருசிக்குச் சர்க்கரை சேர்க்காத யோகர்ட் எல்லா இடத்திலும் கிடைக்கும். புல்லட் ரயிலில் தாராளமாகச் சாப்பிடலாம். நகர ரயிலில் கூடாது. தெருவில் குப்பைத்தொட்டி கிடையாது என்பதால் ஒரு பை கையோடு இருக்கட்டும்.

இன்னொன்று, வெந்நீர். கடைகளில் உட்கார்ந்ததும் ஐஸ் போட்ட தண்ணீர் வைப்பார்கள். "ஓயு குதாசாய்" என்று கேட்டால் வெந்நீர் வரும். ஏழு வாரத்தில் அம்மா கற்றுக்கொண்ட ஒரே ஜப்பானிய வாக்கியம் அது. எங்கே சொன்னாலும் முகம் மலர்ந்து கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மறுபடி அசாகுசா. செந்நிற வாசலிலிருந்து கோயில் வரை 250 மீட்டர் கடைத்தெரு. அதற்குள் நுழையும் முன், எதிரே இருக்கும் சுற்றுலாத் தகவல் மையத்தின் எட்டாவது மாடிக்கு லிப்டில் போய்விடுங்கள். இலவசம். கடைத்தெரு, கோயில் கூரை, எல்லாம் மேலிருந்து ஒரே பார்வையில் தெரியும். அம்மாவுக்கு எவ்வளவு நடக்க வேண்டும் என்று அங்கேயே காட்டிவிட்டதால் கீழே வந்து "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்தக் கோயிலின் பெயர் சென்சோஜி. அதன் பிரதான மண்டபத்துக்கு ஏறும் படிகளைத் தவிர்க்க இடப்பக்கம் லிப்ட் உண்டு. 628-ஆம் ஆண்டில் இரண்டு மீனவச் சகோதரர்கள் சுமிதா ஆற்றில் வலை வீசியபோது கண்ணோன், அதாவது அவலோகிதேஸ்வரர், சிலை கிடைத்தது என்பது தலபுராணம். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இப்போது நாம் பார்க்கும் மண்டபம் 1945 குண்டுவீச்சில் எரிந்து, 1958-இல் திரும்பக் கட்டியது.

மண்டபத்துக்கு முன் பெரிய ஊதுவத்திக் கொப்பரை. நோவு உள்ள இடத்தில் அந்தப் புகை பட்டால் குணமாகும் என்பது நம்பிக்கை. ஜப்பானியப் பாட்டி ஒருவர் இரண்டு கையாலும் புகையை அள்ளித் தன் தோளில் விட்டுக்கொண்டதை அம்மா பார்த்தார். யாரும் சொல்லித் தராமலே குனிந்து தன் முழங்காலுக்கு அள்ளி விட்டுக்கொண்டார். கற்பூர ஆரத்தியை ஒற்றிக்கொள்கிற அதே கை.

கியோத்தோவுக்கு நவம்பர் முதல் வாரம் போனோம். இலைகள் சிவக்கும் மாதக் கடைசிக் கூட்டத்துக்கு முன்னால் போக வேண்டும் என்பதற்காக. மகனுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் என் கணவர் அவனோடு இருந்துகொள்ள, நாங்கள் நான்கு பேர் மட்டும். வெளிநாட்டினருக்கான ரயில் பாஸ் அப்போது 7 நாளுக்கு 50,000 யென். தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்குப் போய்வரவே ஆளுக்கு 28,000 யென் சொச்சம்தான். போய்த் திரும்புவது மட்டும் என்றால் பாஸ் நஷ்டம். இங்கேயே வசிக்கும் நமக்கு அது கிடைக்கவும் கிடைக்காது. பெரிய பெட்டிகளை முந்தின நாளே வீட்டிலிருந்து கூரியரில் அனுப்பிவிட்டேன். மறுநாள் அங்கே வந்து இருந்தது. வயதானவர்களோடு போகும்போது இதற்குச் செலவழிக்கும் காசை ஒருபோதும் மிச்சம் பிடிக்காதீர்கள். ரயிலில் ஃபூஜி மலை தெரியும் பக்கம் ஆங்கில 'E' எழுத்து இருக்கை. போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம், ஆனால் எழுத்து மாறாது.

முதல் நாள் நான் போட்ட திட்டம்: காலையில் பொற்கோயில் கின்காக்குஜி, மதியம் கியோமிசுதெரா, மாலையில் ஃபுஷிமி இனாரி. வரைபடத்தில் பார்க்க எல்லாம் ஒரே ஊர்தானே. பொற்கோயில் நன்றாக முடிந்தது. 1950-இல் ஒரு இளம் துறவி தீ வைத்து எரிந்து, 1955-இல் மறுபடி எழுந்த கோயில் அது. குளத்தில் விழுந்த அதன் நிழலைப் பார்த்துக்கொண்டே அப்பா அரைமணி நேரம் நின்றார். அதன் பிறகு பேருந்து. கியோத்தோவில் சுரங்க ரயில் இரண்டே பாதைதான், எல்லோரும் பேருந்தை நம்பியிருக்கிறார்கள். கால் வைக்க இடமில்லாத வண்டியில் முக்கால் மணி நேரம் நின்றபடி வந்து இறங்கினோம். எதிரே கியோமிசுதெராவுக்கு ஏறும் மேட்டுத்தெரு. அம்மா நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, சேலையை லேசாக விலக்கி முழங்காலைப் பார்த்தார். வீங்கி இருந்தது. "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் கோயில் பார்க்கவா வந்தார், என்னோடு இருக்கத்தானே வந்தார். நான் அவரை ஒரு பேருந்து நிறுத்தத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவதற்கா இத்தனை தூரம் கூட்டிவந்தேன்?

யாரும் போகவில்லை. டாக்சி பிடித்து அறைக்கு வந்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, திட்டம் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேருந்துக்கு ஆளுக்கு 230 யென், நான்கு பேருக்கு 920. அதோடு கொஞ்சம் சேர்த்தால் நகருக்குள் பல இடங்களுக்கு டாக்சியே கிடைக்கும். ஒரு வண்டியில் நான்கு பேர் தாராளமாகப் போகலாம். கதவு தானாகத் திறந்து மூடும், நாம் இழுக்கக் கூடாது. அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒரு கோயில்தான். மதியம் அறைக்குத் திரும்பிச் சாப்பாடு, தூக்கம். மாலையில் முடிந்தால் பக்கத்தில் ஒரு நடை. அதிகாலைதான் நமக்கு நேரம், ஏனென்றால் நம் பெரியவர்கள் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார்கள்! கியோமிசுதெராவைக் காலை 6 மணிக்கே திறக்கிறார்கள். இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் ஏழு மணிக்கு முன்னால் டாக்சியில் போனோம். கடைகள் எல்லாம் மூடிக் கிடந்த தெருவில் அம்மா பத்தடிக்கு ஒருமுறை நின்று, மூச்சு வாங்கி, மெதுவாக ஏறினார். 1633-இல் கட்டிய மண்டபம்; மலைச்சரிவில் 13 மீட்டர் உயரத் தூண்கள் தாங்கும் மரத்தளம். அதன் விளிம்பில் நின்று கீழே மரங்களைப் பார்த்தபோது அங்கே எங்களைத் தவிரப் பத்துப் பேர்கூட இல்லை.

ஃபுஷிமி இனாரிக்குக் கியோத்தோ நிலையத்திலிருந்து ஜேஆர் நாரா ரயில் பாதையில் ஐந்து நிமிடம். நிலையத்துக்கு எதிரிலேயே கோயில் வாசல். மலை உச்சி வரை போக வேண்டியதில்லை. சிவப்பு வாசல்கள் நெருக்கமாக நிற்கும் பகுதி தொடக்கத்திலேயே வந்துவிடும். அந்தத் தூண்களின் பின்பக்கம் கறுப்பு எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா கேட்டார். காணிக்கை கொடுத்தவர்களின் பெயர், கொடுத்த தேதி என்றேன். "உபயம்!" என்றார் உடனே. நம் கோயில் டியூப்லைட்டில் எழுதுவது இங்கே வாசல்தோறும் எழுதியிருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நரிச் சிலைகளை இனாரி தெய்வத்தின் தூதர் என்று சொன்னதும் பெரியம்மா, "வாகனம்னு சொல்லு" என்று ஒரு கும்பிடு போட்டார்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது, கால்வலிக்காரர் கூட இருக்கிறார் என்றால், கியோத்தோவின் சான்ஜூசான்கென்தோ கோயிலைத்தான் சொல்வேன். மேடு கிடையாது. காலணியைக் கழற்றிவிட்டு நீண்ட மரத்தளத்தில் நடக்க வேண்டும். தளம் சில்லென்று இருக்கும், கனமான காலுறை அவசியம்; நாடா இல்லாத செருப்போ ஷூவோ இருந்தால் நல்லது. 120 மீட்டர் நீள மண்டபத்தில் ஆயிரத்தொரு கண்ணோன் சிலைகள். 1164-இல் கட்டியது 1249-இல் எரிந்துபோய், 1266-இல் திரும்ப எழுந்தது. நடுவில் அமர்ந்திருக்கும் பெரிய சிலையைத் தங்கெய் என்ற சிற்பி முடித்தபோது அவருக்கு வயது 82. "என்னைவிடப் பத்து வயசு மூப்பு" என்றார் அப்பா.

அந்த ஆயிரம் சிலைகளுக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள் நிற்கின்றன. பெயர்ப்பலகைகளை நான் வாசிக்க வாசிக்கப் பெரியம்மாவின் நடை மாறியது. தாய்ஷாகுதென் இந்திரன். போந்தென் பிரம்மா. நாராயென் நாராயணன். காருரா கருடன், மூக்கு நீண்டு, சிறகோடு நின்று புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தார். கைகூப்பி நிற்கும் வயதான பெண்ணின் சிலை ஒன்று உண்டு, மவரானியோ என்று பெயர். பெரியம்மா அதற்கு எதிரே தானும் கைகூப்பி நின்றார். இரண்டு பேரின் தோளும் ஒரே மாதிரி முன்னால் வளைந்திருந்தன. உள்ளே படம் எடுக்கக் கூடாது. எடுக்க முடிந்திருந்தால் நான் போனைத் தேடியிருப்பேன், அந்த நிமிடத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.

"இத்தனை பேர் வந்திருக்காங்க, அவர் மட்டும் வரலையா?" என்று வெளியே வந்து கேட்டார்.

பதில் மறுநாள் கியோன் பக்கம் ஒரு இனிப்புக் கடையில் கிடைத்தது. கமேயா கியோனாகா என்ற கடை, 1617-இலிருந்து நடக்கிறது. அங்கே செய்யும் 'கான்கிதான்' என்ற பலகாரம் நல்லெண்ணெயில் பொரித்தது; உள்ளே பயறு அரைத்த இனிப்புப் பூரணம். வாயைக் கூட்டி மடித்து, சுருக்குப்பை மாதிரி முறுக்கியிருந்தது. பெரியம்மா ஒன்றை உள்ளங்கையில் வைத்து மடிப்புகளைக் கட்டைவிரலால் தடவினார். எட்டு மடிப்பு. "இது கொழுக்கட்டைடி, பொரிச்ச கொழுக்கட்டை. யாருக்குப் படைக்கிறது?" என்றார். கடைக்காரப் பெண்மணியிடம் கேட்டேன். கான்கிதென் என்ற தெய்வத்துக்கு, ஷோதென் என்றும் சொல்வோம், யானைமுகம் என்றார். அதை நான் தமிழில் சொன்னபோது என் தொண்டை அடைத்தது.

அந்தக் கதையைத் தொடரும் முன் நாராவைச் சொல்லிவிடுகிறேன். கியோத்தோவிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். மான்களுக்கு 200 யென்னுக்கு விற்கும் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். வாங்கியதும் கொடுத்துவிட வேண்டும். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், பெரியம்மாவின் முந்தானை நுனியை ஒரு மான் மென்றுவிட்டது. அங்கே தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்தவர் போதிசேனர், இந்தியாவிலிருந்து வந்த துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிற்றைக் கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், அந்தப் புண்ணியம் எல்லோருக்கும் சேரட்டும் என்று. தேர்வடம் பிடித்து வளர்ந்த அப்பாவுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மண்டபத்துக்கு வெளியே வலப்பக்கம் பின்சுரு உட்கார்ந்திருக்கிறார். புத்தரின் சீடர் பிண்டோலர்தான். கருத்த மரச்சிலை, தலையில் சிவப்புத் துணி. நமக்கு எங்கே வலியோ அவர் உடம்பில் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு நம் உடம்பைத் தொட வேண்டும். அம்மா எட்டி அவர் முழங்காலைத் தொட்டார். எத்தனை நூறு கைகள் தேய்த்ததோ, மரம் அங்கே வழவழப்பாக இருந்தது. பிறகு தன் வலது முழங்கால், மறுபடி அவர் முழங்கால், பிறகு தன் இடது. "பாவம், எல்லார் வலியையும் இவர் வாங்கிக்கிறாரே" என்றார். வலி குறையவில்லை, அது உண்மை. ஆனால் திரும்பும் வழியெல்லாம் அவர் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

தோக்கியோ திரும்பியதும் தேடினேன். மத்சுசியாமா ஷோதென் என்ற கோயில், அசாகுசாவில்! முதன்முதலில் பெரியம்மா கேட்ட இடத்திலிருந்து பதினைந்து நிமிட நடை. நவம்பர் கடைசியில் அழைத்துப் போனேன். சின்னக் குன்றின்மேல் இருக்கிறது. படி ஏற முடியாதவர்களுக்கு இலவசமாக ஒரு குட்டி இழுவை வண்டி ஓடுகிறது. அம்மாவும் பெரியம்மாவும் அதில் ஏறி மேலே போனார்கள். எங்கு பார்த்தாலும் இரண்டு அடையாளங்கள்: இணைந்த இரட்டை முள்ளங்கி, சுருக்குப்பை. இங்கே தெய்வத்துக்குப் படைப்பது முள்ளங்கி. மனதிலிருக்கும் கோபம் என்னும் நஞ்சைக் காட்டுவது முள்ளங்கி என்றும், அதைப் படைத்தால் அது நீங்கும் என்றும் சொல்கிறார்கள். கோயிலிலேயே விற்கிறார்கள். முழங்கை நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று இருந்த ஒன்றை வாங்கிப் பெரியம்மா இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவது போல ஏந்திக்கொண்டு போய்ப் படைத்தார்.

மூலவரைப் பார்க்க முடியாது. கான்கிதென்னை மறைத்தே வைப்பார்கள். பெரியம்மாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. இங்கே குருக்கள் அந்தத் திருமேனிக்கு நல்லெண்ணெயை ஊற்றி வழிபாடு செய்வார்கள், அதையும் யாருக்கும் காட்ட மாட்டார்கள் என்று சொன்னேன்.

"எண்ணெய்க்காப்பு" என்றார். கண் கலங்கிவிட்டது. "திரை போட்டுத்தானே செய்வாங்க. நாம வெளிய நிக்கிறோம், அவ்வளவுதான்." இரண்டு கையாலும் நெற்றியில் குட்டிக்கொண்டு, அந்த மரத்தளத்தில் மூன்று தோப்புக்கரணம் போட்டார். பக்கத்தில் பிரார்த்தனை செய்துகொண்டிருந்த ஜப்பானிய முதியவர் திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லத் தலை வணங்கினார்.

படைத்த முள்ளங்கிகளைப் பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. அன்று இரவு முள்ளங்கிச் சாம்பார். பெரியம்மாவே வைத்தார், ஒரு துண்டுகூட வீணாகக் கூடாது என்று தழையைத் துவட்டல் செய்தார்.

அவர்கள் ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. சங்கடஹர சதுர்த்திக்கு முந்தின நாள் பெரியம்மா போன் செய்வார். போன முறை அம்மாவும் வாங்கி ஒரு வார்த்தை சொன்னார். அதனால் இப்போது அந்த மத்சுசியாமா கோயிலுக்குப் போகும்போது இரண்டு முள்ளங்கி வாங்குகிறேன். ஒன்று பெரியம்மாவுக்காக, ஒன்று முழங்காலுக்காக.